தண்ணீர்த் தொட்டி மேல் ஓர் உரை

"எந்தப் பட்டனை அமுக்கினீங்க?"

"பின்னாடி குட்டியா ஒண்ணு இருந்துது. ஊசியாலதான் அமுக்க முடிஞ்சுது. அதான் முக்கியமான பட்டனா இருக்கும்னு நினைச்சேன்" என்றான் கணவன்.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். அரசுகள் இணையத்தை முடக்குவதைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறவள் அவள். இன்னும் சற்று நேரத்தில், பல நாட்டு அதிகாரிகள் கூடியிருக்கும் கூட்டத்தில் வீடியோ வழியாகப் பேச வேண்டும். இணையத்தை நிறுத்துவது மனித உரிமை மீறல் என்ற தீர்மானத்தை, அவள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். கொஞ்சம் திணறிக்கொண்டிருந்த வைஃபையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வந்த கணவன், மோடத்தின் ஞாபகத்தையே துடைத்துவிட்டான்.

"கம்பெனிக்கு ஃபோன் போடுங்க."

"போட்டேன். புகாரை வெப்சைட்ல பதியணுமாம்."

ஃபோன் நெட்டிலேயே பேசலாம், ஆனால் வீட்டுக்குள் சிக்னல் போதாமல் படம் வராது. கேமராவில் தெரிகிற அளவுக்கு மட்டும் உடுத்தியிருந்தவள், மேலே கோட்டும் கீழே பூப்போட்ட பைஜாமாவுமாக மொட்டை மாடிக்கு ஓடினாள். சிக்னல் ஒரு கோடு. தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினாள். மூன்று கோடு. தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றதும் முழுசாக வந்தது.

"பேசுங்கள்" என்றார் கூட்டத் தலைவர்.

காற்றின் இரைச்சலை மீறிக் கத்த வேண்டியிருந்தது. "எல்லாத் தொடர்பும் அறுந்துபோன பிறகு என்ன வாழ்க்கை? எங்கள் குரலைக் கேட்க ஒருவரும் இல்லையா?"

தெருவில் காய்கறி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "அக்கா, வேணாம். எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

சும்மா இருங்கள் என்று அவள் கையசைத்தாள். போய் வருகிறேன் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கணவன் பதறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். "தப்பு என்னோடதுதான். இனிமே எதையும் தொடமாட்டேன். இறங்கி வா."

தெருவே திரும்பி அவனை முறைத்தது.

"நான் ஒரு பட்டனைத்தாங்க அமுக்கினேன்" என்றான்.

"செய்யறதையும் செஞ்சிட்டு, பட்டன் கதை சொல்றான் பாரு" என்றார் வண்டிக்காரர். யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். மற்றவர்கள் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். வீடியோ பார்த்தவர்கள் அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். வந்தவர்களும் வீடியோ எடுத்தார்கள். தீயணைப்பு வண்டி தெருமுனையில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஊளையிட்டது.

இது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பிரமாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அதிகாரிகள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஆகவே, எந்தக் காரணத்தைக் காட்டியும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடும், ஒரு நிமிடம்கூட..."

திரை உறைந்தது. கோடுகள் முழுசாக இருந்தன, நெட் மட்டும் இல்லை. ஃபோனை உதறினாள், வானத்தை நோக்கி நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருவழியாக உள்ளே வந்த தீயணைப்பு வீரர்கள் அவளை இறக்கினார்கள். கீழே ஒரு பெண் போலீஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"நல்லா இருந்த நெட் எப்படிங்க அடியோட போகும்? யாரு நிறுத்தினது? கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

"கோவப்படாதீங்கம்மா" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள் பெண் போலீஸ். "நீங்க குதிக்கப்போற வீடியோ பரவி கூட்டம் கட்டுக்கடங்காமப் போச்சு. உங்க உசிரைக் காப்பாத்தத்தான் இந்த ஏரியாவுக்கே நெட்டை நிறுத்தச் சொன்னோம்."