நாற்பத்தாறு படிவங்களும் ஒரு வெளிச்சமும்

அநீதி இழைக்கப்பட்டது என் அறைத்தோழிக்கு. இழைத்தது தொலைநோக்கி நேர ஒதுக்கீட்டுப் பிரிவு. இழைத்த விதம், முழுக்க முழுக்க விதிப்படி.

விடுதியில் அவளுக்குப் பெயர் 'கழுத்துவலி'. மூன்று வருடமாக அண்ணாந்தே நடக்கிறாள். ஆய்வுத் தலைப்பு அப்படி. எங்கோ தொலைவில் இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொண்டால் விண்வெளியே அதிரும். அந்த ஈர்ப்பலையைப் பூமியிலுள்ள கருவிகள் பிடித்து, "இந்தப் பக்கமா ஏதோ நடந்துச்சு" என்று குத்துமதிப்பாகச் சொல்லும். மோதலில் எழுந்த வெளிச்சத்தைத் தொலைநோக்கி வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். நாலே நாள்தான், மங்கிவிடும். அவள் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அந்த வெளிச்சத்துக்காகக் காலியாகக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அப்படியொரு மோதல் நடந்ததாக அவள் போனுக்குத் தகவல் வந்தது. வாய் நுரையோடு ஓடினாள். நானும் ஓடினேன்; சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே.

ஒதுக்கீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்க்க வேண்டிய பொருளின் பெயர்னு கேட்டிருக்கு. காலியா விட்டிருக்கியேம்மா?"

"இனிமேதான் சார் கண்டுபிடிக்கணும்."

"சரி, கண்டுபிடிச்சிட்டு வா."

"அதுக்குத்தான் சார் டெலஸ்கோப் கேக்குறேன்."

"பேரே தெரியாத ஒண்ணைப் பார்க்க அனுமதி குடுத்து, நாளைக்கு அது வேற எதுவாவோ இருந்துட்டா யாரும்மா பதில் சொல்றது?"

நியாயமான கவலைதான். பிரபஞ்சத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று நமக்கென்ன தெரியும்?

அவள் சளைக்கவில்லை. அந்தத் திசையில் இருக்கும் கேலக்ஸிகளில் நாற்பத்தாறைப் பொறுக்கி, பெயரோடு பட்டியல் போட்டாள். ஒரு பொருளுக்கு ஒரு படிவம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் என்றார்கள். புதன்கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கை வீங்க எழுதினோம். வியாழக்கிழமை கண்காணிப்பாளர் அந்தப் படிவங்களை விரலை நனைத்து நனைத்து எண்ணி முடித்தார்.

"இதுல எதுலம்மா வெளிச்சம் இருக்கு?"

"ஏதோ ஒண்ணுல சார்."

"அப்போ மீதி நாப்பத்தஞ்சும் பொய்யா?"

"சார்?"

"'மேற்கண்டவை அனைத்தும் உண்மை'ன்னு ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டிருக்கியே. படிச்ச பொண்ணுதானே நீ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நட்சத்திரம் என்ன, உங்க ஆபீஸ் நேரம் பார்த்தா சார் மோதும்?"

"மோதட்டும்மா, யாரு வேணாம்னா? பதினஞ்சு வேலை நாளைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சனிக்கிழமை செய்தி வந்தது. வேறொரு நாட்டுக் குழு வெளிச்சத்தைப் பிடித்துவிட்டது. அவள் பட்டியலில் முப்பத்தோராவது கேலக்ஸி. கழுத்துவலி அழவில்லை. முப்பத்தோராவது படிவத்தின் நகலைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பாருடி, பேரைக்கூடத் தப்பில்லாம எழுதியிருக்கேன்" என்றாள்.

திங்கட்கிழமை எங்கள் இயக்குநர் பத்திரிகைகளுக்கு அறிக்கை விட்டார்: "உலகமே இன்று வியக்கும் இந்த விண்மீன் திரள், நம் நிறுவனக் கோப்புகளில் வியாழக்கிழமையே இடம்பெற்றுவிட்டது." கூடவே தொலைநோக்கியில் சாய்ந்தபடி ஒரு படம். அதன் மூடி கழற்றப்படவில்லை.

விடுவோமா? மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியவள் நான். 'கண்டிக்கிறோம்' போதுமா, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' வேண்டுமா என்று சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று நாள் விவாதம். வன்மை வென்றது. பிறகு இயக்கத்துக்குப் பெயர் வைத்தோம், சின்னம் வரைந்தோம், சின்னம் பிடிக்காதவர்கள் தனி அணியாகப் பிரிந்தார்கள், சமாதானம் பேசிச் சேர்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. என் தோழிக்கு நீதி வேண்டும், அடுத்த மோதலுக்காவது உடனே அனுமதி வேண்டும் என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மறுநாளே பதில் வந்தது.

"மேற்படி வெளிச்சம் முன்னர் தெரியாத பொருளாக இருந்தமையால் அனுமதி வழங்க இயலவில்லை. தற்போது தெரிந்த பொருளாகிவிட்டமையால் தேட வேண்டிய அவசியம் எழவில்லை. ஆகவே கோப்பு முடிக்கப்படுகிறது. மேலும், விண்ணப்பதாரரின் நாற்பத்தாறு படிவங்களையும் இவ்வலுவலகம் ஒரே நாளில் பரிசீலித்து முடித்தது என்பதும், அவர்பொருட்டு ஒரு பக்க மனு எழுதத் தாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்பதும் கனிவுடன் சுட்டிக்காட்டப்படுகிறது."