மஸ்டிவேலியாவுக்கு ஒரு அறை

இந்தக் குளிருக்கு அருமைராசாவை வீட்டில் தங்கவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அருமைராசா என் மனைவி சிவநேசத்தின் அண்ணன். போன மார்கழியில் 'ரெண்டு நாள்' என்று ரொறன்ரோவிலிருந்து வந்தவர். சித்திரையில்தான் போனார். அதுவும் பனி உருகியபடியால்!

மொன்றியல் டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி தூக்கும் கிறிஸ்தோப்பர் ஓர்க்கிட் பூக்கன்றுகள் வளர்க்கிறவன். அந்தீஸ் மலை முகிலுக்குள் வளரும் ஒரு சாதி, சூடு பட்டால் செத்துப்போகும் என்றான். விருந்தாளி அறையைக் குளிராக்க எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது. ஒரு கன்று வாங்கிவந்து அங்கே வைத்தேன். ஹீற்றரை நிற்பாட்டினேன். யன்னலை விரற்கடை திறந்துவிட்டேன்.

"உது என்னப்பா?" என்றாள் சிவநேசம்.

"மஸ்டிவேலியா."

"வேலியா? வீட்டுக்குள்ளை ஆருக்கு வேலி?"

"பூக்கண்டு! அபூர்வச் சாதி. அறை பத்து டிகிரிக்கு மேலை போகக்கூடாது. அண்ணையிட்டைச் சொல்லும், பாவம், விறைச்சுப்போவார்."

"ஓம்" என்றாள். பதினெட்டு வருடத்தில் ஒரே 'ஓமோடு' அவள் நிறுத்தியதில்லை. நான் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வேலையால் வந்தேன். என் கட்டிலில், என் போர்வைக்குள் அருமைராசா!

"வாரும் மச்சான், களைச்சுப்போனீர்" என்கிறார், வீட்டுக்காரர் மாதிரி.

"நேசம்! உவர் ஏன் என்ரை கட்டிலிலை?"

"அந்த அறையிலை விறைச்சுப்போவார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் மகளோடை படுக்கிறன்."

"அப்ப நான்?"

"பூக்கண்டுக்குப் பக்கத்திலை விளக்கமான ஆள் வேணுமெல்லே?"

"ஹீற்றரையாவது போடுவம்."

"ஐயோ, அபூர்வச் சாதி!" ஹீற்றரின் திருகியை ஏற்கெனவே கழற்றி ஒளித்துவிட்டாள்.

ஐந்து கிழமை, முப்பத்தைந்து இரவு! இரண்டு சுவெற்றர், கம்பளித் தொப்பி, விமான நிலையக் கையுறை. சொந்த வீட்டில், சொந்தப் பெண்சாதி இருக்க, ஒரு செடியோடு படுத்தேன். நியாயமா, சொல்லுங்கள்! அந்தச் சனியன் மட்டும் புது இலை விட்டுக் கொழுத்தது.

ஒருவழியாக அருமைராசா பெட்டி கட்டினார். அன்று விடிய ஓர்க்கிட்டில் ஒரு மொட்டைக் கண்டேன். மூச்சுக் காட்டவில்லை. சாடியைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவருடைய பெட்டியை நானே வாசலுக்கு இழுத்துவந்தேன்.

காலில் சப்பாத்துப் போட்டு அவர் நிமிர, கையில் சாடியோடு சிவநேசம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இது எப்ப விரியும்? உங்களுக்குத்தானே தெரியும்."

'உங்களுக்குத்தானே' என்றதும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஆறு கிழமை செல்லும். மொன்றியலிலேயே ஆரும் கண்டிராத பூ!"

"கேட்டியளே அண்ணை?"

அருமைராசா குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.