கத்திரிக்காய் வாங்கிய பெட்டி

“அடுப்பின் அருகில் யாரும் இல்லை. எரிவாயு நிறுத்தப்படுகிறது” என்றது சமையலறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி.

“நான் இல்லாம இங்க பேயா நிக்கறது?” என்று பால்கனியிலிருந்து கத்தினார் வைத்தியநாதன்.

பேப்பரை மடக்கிக்கொண்டு வந்து பார்த்தார். பால் பாதிச் சூட்டில் ஆடை கட்டிக் கிடந்தது.

“பாத்தியா ராஜி, இதோட அட்டகாசத்தை?”

“போறது அண்ணா. நான் அப்படியே குடிச்சுடறேன்” என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த ராஜலக்ஷ்மி.

சின்ன வயதிலேயே போலியோ வந்து அவளுக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. அப்பா, அம்மா, பிறகு வைத்தியநாதனின் மனைவி என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர, வங்காளத்துச் சால்ட் லேக் வீட்டில் இப்போது அண்ணனும் தங்கையும்தான். தேயிலைக் கம்பெனியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற அவர் ஊரறியச் சொல்லிக்கொள்ளும் பெருமை ஒன்றுதான்: தங்கையை ஒருநாளும் பிறர் கையில் விட்டதில்லை.

வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் துணையில்லாமல் இருக்கலாம் என்று இப்போது வீடுகளில் மாட்டுகிறார்களே, அந்த ஏற்பாடுதான் இந்தப் பெட்டி. அடுப்பு, குழாய், வாசல் கதவு எல்லாவற்றின் மேலும் அதற்கு ஒரு கண். யார் பேச்சையோ கேட்டு ராஜி இதை வாங்கியிருக்கிறாள், போகட்டும், அவளுக்கு ஒத்தாசை என்று அவரும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“வாசல் கதவு திறக்கப்படுகிறது” என்று கூவியது பெட்டி.

“எங்க அண்ணா கிளம்பிட்ட?”

“கத்திரிக்கா வாங்கிண்டு வரேன். ஆத்துல ஒரு கறிகாய் இல்லையே.”

“ஃப்ரிட்ஜைத் திறந்து பாரேன்.”

திறந்தார். கத்திரிக்காய்கள் பொலபொலவென்று அவர் காலில் விழுந்தன. முட்டை வைக்கிற குழிகளில்கூட ஒவ்வொரு கத்திரிக்காய் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“யார் வாங்கினது இத்தனையும்?”

ராஜலக்ஷ்மி நாற்காலியை உருட்டி வந்து கீழே கிடந்த காய்களைப் பொறுக்கினாள். வைத்தியநாதன் பெட்டியை முறைத்தார். அது பச்சை விளக்கைச் சிமிட்டியது.

“புரிஞ்சுபோச்சு! நெட்ல இதுவே ஆர்டர் பண்றது! திருட்டு முண்டம்!”

ராஜலக்ஷ்மி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலைப்பால் கண்களை ஒற்றிக்கொண்டாள்.

“அழறியா என்ன?”

“சிரிச்சா எனக்குக் கண்ணுல ஜலம் வரும். தெரியாதா உனக்கு?”

அன்றே பெட்டியின் வாயை அடைத்துவிடுவது என்று தீர்மானித்தார். ஈரத்துண்டைப் போட்டு மூடினார். அது தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே பாட்டரி இருந்திருக்க வேண்டும். வீடே அதிரச் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு முகர்ஜி குடும்பம் மொத்தமும் ஓடிவந்தது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த காவல்காரர், மாடிப்படியில் இருந்த மணல் வாளியைத் தூக்கிவந்து அடுப்பின் மேல் கவிழ்த்தார். பால் பாத்திரம் மணலுக்குள் புதைந்தது.

மறுநாள் பெட்டியை மாட்டிய கம்பெனியிலிருந்து மிதாலி வந்தாள். கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரி. தோளில் கருவிப் பை.

வைத்தியநாதன் ஆபீசில் பழகிய வங்காள மொழியில் அவளைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, உங்களை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இவளுக்காக மாட்டிய சாமான் இவளை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சதா என் பின்னாலேயே அலைகிறது. கழற்றுங்கள்! இவளை நான் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளவில்லையா?”

“வேண்டாம் அண்ணா, இருந்துட்டுப் போகட்டுமே” என்று ராஜலக்ஷ்மி நாற்காலியை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தாள். மிதாலியைப் பார்த்து, சொல்லிவிடாதே என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது, ராஜி!”

மிதாலியின் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு வைத்தியநாதன் ஸ்டூலில் ஏறிவிட்டார். முதல் திருகாணி கழன்று விழுந்தது. இரண்டாவதில் கை வைத்தபோது மிதாலி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா, எங்க ஆபீசைத் தேடி வந்து இதைக் கேட்டதே நீங்கதான், ‘எனக்கு மறதி முத்திக்கிட்டே வருது, கேஸைத் திறந்துவிட்டுட்டு நான் எங்கேயாவது போயிட்டா என் தங்கச்சியால எழுந்து ஓட முடியாதும்மா’ன்னு என் எதிர்ல உட்கார்ந்து அழுதீங்களே!”