மிஷின் சித்தரின் தகடு

தாம்பரத்தில் அந்த வருஷம் எது ரிப்பேரானாலும் மெக்கானிக்குக்கு வேலையில்லை. மிஷின் சித்தர் இருந்தார். ஃபேன், ரேடியோ, தையல் மிஷின் என்று தூக்கிக்கொண்டு வந்த வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டியது. ஓடினால் சித்தர் அருள். ஓடாவிட்டால் உங்கள் பூர்வ கர்மம். இப்படி ஒரு கியாரண்டியை எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டர் வைத்திருந்த தொழிற்சாலையின் மேனேஜர் பூவராகன் சும்மா இருப்பாரா? சித்தரை ஏ.சி. அறைக்கே அழைத்து வந்துவிட்டார். தொழிலாளர் வருகைப் பதிவு இருந்த கம்ப்யூட்டர் டேப்பின் தகர டப்பா மேல் சித்தர் தடிமனான செப்புத் தகடு ஒன்றை வைத்தார். டப்பாவைக் கவிழ்த்தார். தகடு விழவில்லை. பூவராகன் விழுந்தார், காலில்.

டேப்புகளுக்குப் பொறுப்பான ஜெயசீலிக்கு எரிச்சல். சனிக்கிழமைதோறும் அவள் அந்தப் பதிவை இன்னொரு டேப்பில் நகலெடுத்து, ரயிலேறி, கூடுவாஞ்சேரி கிடங்கில் வைத்துவிட்டு வருவாள். மாதம் ஒருமுறை நகலை மிஷினில் ஏற்றி ஓட்டியும் பார்ப்பாள்.

"தகடு இருக்கறச்சே நகல் எதுக்கும்மா? அவநம்பிக்கை," என்றார் பூவராகன்.

"இருக்கட்டும் சார். தகட்டை ஏத்தி ஓட்ட முடியாதே."

திங்கட்கிழமை டேப் படிக்கவில்லை. இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவர்களின் பட்டியல் நாலு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போனால்தான் அவர்களுக்கு வேலை நிரந்தரம். இருநூற்று நாற்பத்து மூன்று நாள் முடித்த லோகு வாசலில் நின்றான்.

"அக்கா, என் பேரு லிஸ்ட்ல கீதா, இல்லியா?"

சித்தர் ஓடி வந்தார். "கண் திருஷ்டி. ஒரு மண்டலம் பூஜை பண்ணணும்."

"பண்ணலாம் சாமி. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க." ஜெயசீலி குண்டூசிகளை நீட்டினாள். தகடு கப்பென்று இழுத்துக்கொண்டது.

"பார்த்தியா சக்தியை."

"பார்த்தேன். இப்ப இந்தப் பித்தளை டம்ளர்ல ஒட்டச் சொல்லுங்க."

ஒட்டவில்லை. தகடு தரையில் விழுந்து பிளந்தது. உள்ளே கறுப்பாக ஒரு காந்த வளையம், ஓரத்தில் பச்சை பெயிண்ட்.

லோகு குனிந்து எடுத்தான். "இன்னா சாமி இது, என் ரேடியோ ஸ்பீக்கர் காந்தம். நான் வெச்ச பெயிண்ட்டு. மந்திரிக்கக் குடுத்ததிலிருந்து ஊமையாக் கீதேன்னு பாத்தேன்."

"காந்தம் பட்டா டேப்ல எழுதினது அழிஞ்சிடும் சார்," என்றாள் ஜெயசீலி. "திருஷ்டி டப்பா மேலயே உட்கார்ந்திருந்தது."

சித்தரைத் தேடினால், செருப்பு மட்டும் இருந்தது.

கம்பெனி ஜீப் கூடுவாஞ்சேரிக்குப் பறந்தது. நகல் வந்தது, ஏறியது, ஓடியது. மூன்றரைக்குப் பட்டியல் தயார். லோகு பெயரும் இருந்தது.

மறுநாள் பூவராகன் நகல் டேப்புக்குக் குங்குமம் வைத்து, கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலி துணியால் குங்குமத்தைத் துடைத்தாள். "கும்பிட வேணாம் சார். சனிக்கிழமை நகலெடுக்க ஆள் இருந்தாப் போதும்."

சித்தர் இப்போது வேறு ஊரில் இருப்பார், வரிசையும் இருக்கும். போகிறவர்கள் ஒரு பித்தளை டம்ளரைக் கொண்டுபோங்கள். மூளையையும் கொண்டுபோனால் டம்ளர்கூடத் தேவைப்படாது.