சம்பந்தியம்மாவுக்கு வாங்கிய தலை

பலேர்மோ,
14.10.1996

பெருமதிப்புக்குரிய கோபாலசிங்கம் அத்தானுக்கு,

இராசரத்தினம் எழுதுவது. தங்கை நாகபூசணி வீட்டில் சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறேன். உங்கள் சுகத்துக்கும் புனிதமலர் அக்காவின் முழங்காலுக்கும் நல்லூரானை வேண்டுகிறேன்.

அத்தான், ஒரு தலை விஷயமாக உங்கள் புத்தி வேண்டும். மகள் கேசிகாவுக்கு நீங்கள் பேசிவிட்ட கனடா மாப்பிள்ளை விதுரனின் தாயாரை, நான் கொழும்புக்குத் திரும்பிய மறுநாளே போய்ப் பார்க்க வேண்டுமல்லவா? வெறுங்கையோடு போகக்கூடாது என்று வீட்டுக்காரி ஞானாம்பிகை விமான நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். "இத்தாலிக்குப் போய் சொக்லேட்டோ கொண்டு வந்தவர் எண்டு அந்த மனிசி கேக்கக்கூடாது, கண்டியளோ" என்றாள். ஆகவே முதலில் கபோ சந்தையில் ஒரு பெட்டி அழகான பழங்கள் வாங்கி, பழம் என்றால் கழுவத்தானே வேண்டும் என்று கழுவினேன். சாயம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது, பாதாம் மாவில் செய்த இனிப்பாம். பிறகு கவசம் போட்ட போர்வீரன் பொம்மை ஒன்று பார்த்தேன், சம்பந்தி வீட்டுக்கு வாளோடு போவதா என்று நாகபூசணி தடுத்துவிட்டாள். அப்போதுதான் அவள் வேலை செய்யும் சிஞ்ஞோராவின், அதுதான் முதலாளியம்மாவின், வீட்டுப் பல்கணியில் தலை வடிவில் செய்த ஒரு மண் பூச்சட்டியைக் கண்டேன். மீசை, கிரீடம், உச்சியில் துளசி மாதிரியே மணக்கும் ஒரு செடி. சம்பந்தியம்மா துளசிக்குத் தண்ணீர் விடாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்காதவ என்று நீங்கள்தானே சொன்னீர்கள். உடனே வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஓடி அதே மாதிரி ஒன்று வாங்கினேன். கடைக்காரன் தன் கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான். கழுத்தளவுக்கு மண் போடச் சொல்கிறான் என்று நானும் தலையாட்டினேன்.

பின்னேரம் நாகபூசணி அதைக் கண்டதும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "அண்ணை, இதின்ரை கதை தெரியுமே? முந்தி இஞ்சை ஒரு பெட்டை பல்கணியிலை பூக்கண்டு வளத்தவளாம். வெளியூரான் ஒருத்தன் வந்து காதலிச்சானாம். பிறகு பாத்தா அவனுக்கு ஊரிலை பெண்சாதி பிள்ளையள். தலையை வெட்டி, அதுக்குள்ளை செடியை நட்டுப்போட்டாளாம்."

திருப்பிக் கொடுக்கப் போனேன். சோடி கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அந்த மனிதன் பெண் தலை ஒன்றையும் சுற்றித் தந்துவிட்டான். இப்போது என் பெட்டியில் இரண்டு தலை, உடுப்புக்கு இடமில்லை.

பகிடி ஒருபுறம் இருக்க, எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். கேசிகாவுக்கு ஏற்கெனவே மூன்று கலியாணப் பேச்சு குழம்பிவிட்டது. இதுவும் ஒரு பூச்சட்டியால் குழம்பினால் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாது. கதையை மறைத்துத் தலையைக் கொடுக்கலாமா? உடனே பதில் போடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லாம் நிறைவாக இருக்கட்டும்.

உங்கள் மைத்துனன்,
இராசரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரம் கொழும்பிலிருந்து கேசிகா தொலைபேசி எடுத்தாள். தங்கம் என்று நீங்கள் சொன்ன விதுரனுக்குக் கனடாவில் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களாம். அவளுடைய சிநேகிதி படத்தோடு எழுதியிருக்கிறாள். வாயில் முதலில் வந்த தலையின் கதையைச் சொல்லிவிட்டேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, அது உடையாமல் கொண்டு வாங்கோ. அந்த மாமியிட்டை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."