எரிமலையை மறைத்துவைத்த குற்றம்

மம்பஹாவ்,
கமிகின் தீவு மாகாணம்.
லன்சோனஸ் பழத் திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை.

ஏழு கடல்களையும் ஓர் எண்ணெய்த் துணியோடு ஆண்டுவரும் கப்பல் என்ஜின் அறைச் சக்கரவர்த்தி, என் அருமை மருமகன் ரொடெலுக்கு, ஏழு எரிமலைகளுக்கும் உனக்கும் ஒரே தாய்மாமனாகிய எபிஃபானியோ எழுதும் மடல். நானும் உன் அத்தை ஃபெலிசாவும் பன்றிகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் திட்டினால் பாதியில் அறுந்துபோகிறது. காகிதத்தில் திட்டினால்தான் முழுசாக வந்து சேரும்.

உன் வருங்கால மாமனார், போஹோல் தீவு கிரிசாந்தோ, தன் மகள் மரிவிக் வாழப்போகும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கல்யாணத்துக்குச் சம்மதிப்பேன் என்று கப்பலேறி வந்திருக்கிறார். “மாமா, அவர் என்ன சொன்னாலும் சிரிச்ச முகமா இருங்க” என்று நீ கெஞ்சினாய். இருந்தேன். தூங்கும்போதுகூடச் சிரித்தேன். சிரித்துச் சிரித்து என் வாய் இரண்டு காதுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது; தொப்பி நிற்கமாட்டேன் என்கிறது. இனி என்னால் முடியாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம். காரணத்தைக் கேள்.

மனிதர் துறைமுகத்தில் இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, “எங்க அண்ணே எரிமலை?” என்றார். கையை நீட்டிக் காட்டினேன். “அது மேகம்ல?” என்றார். “மேகத்துக்குள்ள இருக்கு” என்றேன். “எங்க ஊர்ல மலைய இப்படி மறைச்சு வைக்கிறதில்ல அண்ணே. ஆயிரத்துக்கு மேல இருக்கு, எல்லாமே வெளியதான் இருக்கு” என்றார். அந்த ஊர்க் குன்றுகள் கோடையில் புல் காய்ந்து சாக்லேட் நிறமாகிவிடுமாம், அதை உலகமே வந்து வாய்பிளந்து பார்க்கிறதாம். காய்ந்த புல்லைப் பார்க்க உலகம் வருமென்றால் என் தலையைப் பார்க்கவும் வரலாமே! சொன்னேனா? சொல்லவில்லை. சிரித்தேன். மறுநாள் விடிந்ததும் மேகம் விலகி, நம் அடுக்களைக்குப் பின்னால் ஹிபோக்-ஹிபோக் எரிமலை பிரம்மாண்டமாக நின்றது. பல் குச்சியோடு வெளியே வந்த மனிதர் சுண்ணாம்பாக வெளுத்தார். “அண்ணே, இது வெடிக்குமா?” “எப்பவாச்சும்.” “எப்ப?” “சொல்லிட்டுத்தான் வெடிக்குமா? எங்க தாத்தா காலத்துல ஒரு தடவ வெடிச்சுது. அப்புறம் நல்ல பிள்ளையாத்தான் இருக்கு.” “இது மடியிலயா என் பொண்ணக் குடி வைக்கப்போறீங்க?” என்று அலறினார் பார், எரிமலையே ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

சரி, மனிதருடைய பயத்தைத் தெளிய வைப்போம் என்று, கடலோரக் காற்று வாங்க அழைத்துப்போனேன். போன இடம் கடலுக்குள் மூழ்கிய கல்லறைத் தோட்டம் என்பது நான் யோசிக்காமல் செய்த காரியந்தான். அலைநடுவே நிற்கும் பெரிய சிலுவையைப் பார்த்து, “யாரோட சமாதி?” என்றார். “ஊர்ல இருந்த எல்லாரோடதும். எரிமலை குமுறினப்போ நிலம் உள்ள போயிடுச்சு” என்றேன். “செத்தவங்களையே உங்க தீவு நிம்மதியாப் படுக்க விடலையே, உயிரோட இருக்கற என் பொண்ண விடுமா?” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் எரிமலையே இல்லாத இடத்தைக் காட்டுகிறேன் என்று படகு பிடித்து வெள்ளைத் தீவு மணல்திட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு மரமில்லை, ஒரு மலையில்லை, பஞ்சுபோல மணல். குடை விரித்து, ஓலைப் பொட்டலச் சோற்றையும் காடியில் ஊறிய மீனையும் பரப்பினேன். படகுக்காரன் வேறு ஆட்களை ஏற்றப் போனான். நிலா தன் வேலையைக் காட்டியது. கடல் ஓதம் ஏறி, திட்டு கால்பந்து மைதானத்திலிருந்து பாயாகி, பாயிலிருந்து தட்டாகி, கடைசியில் நாங்கள் இரண்டு கொக்குகள் மாதிரி ஒரு குடைக்கடியில் முழங்கால் தண்ணீரில் நின்றோம். சோற்றுப் பொட்டலம் வியட்நாம் பக்கம் பயணப்பட்டது. “என்ன அண்ணே, நிலத்தக்கூட வாடகைக்குத்தான் எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்றார். சிரித்தேன். மருமகனே, அந்தச் சிரிப்புக்கு எனக்கு அரசாங்கம் பதக்கம் தர வேண்டும்.

உடம்புச் சூடு தணியட்டும் என்று குளிர் ஊற்றில் இறக்கினேன். அந்தத் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும். இறங்கினால் அடுத்த வருடத்துச் சளி இந்த வருடமே வந்துவிடும். அவருக்குப் பல் தந்தியடித்து, மேல்தாடைப் பல்செட்டு துள்ளி விழுந்து ஊற்றுக்குள் மறைந்தது. குளிக்க வந்த கூட்டம் மொத்தமும் முக்குளித்துத் தேடியது. பல் கிடைக்கும்வரை அரை நாள் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ரொடெல், நம் மாகாணத்தில் அருவி உண்டு, வெந்நீர் ஊற்று உண்டு, பவளப்பாறை உண்டு. ஆனால் அந்த அரை நாளுக்கு ஈடான அழகு எதுவுமில்லை. பல்லை மாட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “எங்க ஊர்த் தண்ணி இப்படிக் கடிக்காது.”

அதையும் பொறுத்தேன். நேற்று இரவுச் சாப்பாட்டில் உன் அத்தை, தோட்டத்திலேயே தலைசிறந்த லன்சோனஸ் குலையை உரித்து நீட்டினாள். ஒன்றை வாயில் போட்டார். கண்ணைச் சுருக்கினார். “லேசாப் புளிக்குதோ?” என்றார். நம் லன்சோனஸை! அத்தை உரித்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இங்க பாருங்க, நீங்க ஒண்ணும் சொல்லப்படாது” என்று காதுக்குள் சொன்னாள். சொல்லவில்லை. எழுதுகிறேன். மரிவிக் தங்கமான பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் அவளோடு இந்த மனிதரும் வருகிறாரே! முடியாது என்று இன்றே அவளுக்கு எழுதிவிடு. நாளைக் காலைக் கப்பலில் இவரை ஏற்றி, கண்ணுக்குத் தெரியும்வரை கையாட்டி, அப்புறம் கரையில் படுத்து உருளப்போகிறேன்.

நீ போகும் கடலெல்லாம் குளம்போல் அடங்கிக் கிடக்கட்டும். என்ஜின் உன் பேச்சுக்கு மட்டுமாவது கட்டுப்படட்டும். அடுத்த கடிதத்தில் கல்யாணம் நின்றது என்ற நல்ல செய்தி வரட்டும் என்று சகல புனிதர்களையும் வேண்டி ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்
எபிஃபானியோ

பின்குறிப்பு: மேலே சொன்னபடி மரிவிக்குக்கு எதையும் எழுதிவிடாதே. கடல் கொந்தளித்து மூன்று நாளாகக் கப்பல் இல்லை. இந்தக் கடிதமும் போகவில்லை, அவரும் போகவில்லை. போரடிக்கிறது என்று தானாகவே எரிமலை அடிவாரத்து வெந்நீர் ஊற்றில் போய் உட்கார்ந்திருக்கிறார். பத்து வருட மூட்டுவலி ஓடிப்போனதாம். திரும்பி வரும்போது, ஊன்றி நடந்த தடியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்தார். “அடுப்பு இல்லாம விறகு இல்லாம வெந்நி போட்டுக் குடுக்குது அண்ணே, இதுக்குப் போயி பயந்தேனே! என் பொண்ணு வாழ்ந்தா இங்கதான் வாழணும், நானும் இங்கயேதான்” என்கிறார். நம் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பை விலை பேசி முடித்துவிட்டார். என் ஊஞ்சல் படுக்கையை உன் அத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாள். எனவே அடுத்த துறைமுகத்திலேயே லீவு கேட்டு ஓடி வந்து நாள் நட்சத்திரம்கூடப் பார்க்காமல் மோதிரத்தை மாட்டு. விருந்தாளியாக இருக்கும்வரை அந்த மனிதரை என்னால் ஒரு வார்த்தை திட்ட முடியாது. சம்பந்தி ஆகட்டும், அப்புறம் இருக்கிறது.