மைப்பஞ்சு வறண்ட படலம்

வாழ்க லுத்விக். திராவா நதிக்கரைச் சிற்றூரின் அஞ்சலகத்தை இருபத்தாறு ஆண்டு செங்கோல் கோடாது ஆண்டு ஓய்வு பெற்ற கோமான். மரிபோர் நகரில் தொடங்கி அத்ரியாடிக் கடலில் முடியும் அறுநூறு கிலோமீட்டர் மலைவழியைப் பதினோராண்டாய்த் துண்டு துண்டாக நடந்து தேய்த்த தாளாளன். கொப்புளம் பூத்த குதிகாலன், கைத்தடி இரண்டேந்திய காளை, வாழ்க அவன் முழங்கால்கள்.

எதற்காக நடந்தான்? மன அமைதிக்காக. மலைவிடுதிதோறும் தேநீரை உறிஞ்சியபடி அவன் முழங்குவது இதுதான்: "நடக்க நடக்க 'நான்'ங்கிறது கழண்டு விழுந்துடும்ப்பா. என்கிட்ட இப்போ மிச்சமே இல்ல."

கழன்று விழுந்ததெல்லாம் அவனுடைய வழிநூலில் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. சிகரந்தோறும் தகரப் பெட்டி, பெட்டிக்குள் முத்திரைக் கட்டை, கூடவே மைப்பஞ்சு. ஏறியவர் தம் வழிநூலில் தாமே குத்திக்கொள்வது அந்நாட்டு அறம். மற்றெல்லா வட்டமும் நிறைந்து, ஒரே ஒரு வட்டம் முழுநிலவாய் வெளுத்துக் கிடந்தது. அது நிறைந்தால் நாளை மலையேறுவோர் சங்கத்தில் மார்பிலே பதக்கம். நிறையாவிடில் அடுத்த ஆண்டுதான். சங்கத்தின் விதிக்கு ஈரம் கிடையாது.

கடைசிச் சிகரத்தின் பெட்டிக்குள் கிடந்த மைப்பஞ்சுக்கும் கிடையாது. கோடைக் குளம்போல் வெடித்திருந்தது. குத்தினான், தன் மதிய ரொட்டி சுற்றிய தாளில். கொசுவின் நிழல்கூட விழவில்லை. வாயாவி ஊதினான். எச்சில் உமிழ்ந்தான். பாறையிடுக்கின் கருநீலக் காட்டுப்பழங்களைப் பகைவர் தலையென நசுக்கி, அக்குருதியில் முத்திரையைத் தோய்த்து மீண்டும் குத்தினான்; தாளில் சேறு வழிந்தது.

"என்ன லுத்விக், ஜாம் காய்ச்சுறியா?"

ஸ்லாவ்கா. இருபது ஆண்டு அவனுக்குக் கீழே அஞ்சலகத்தின் இரண்டாம் சன்னலில் அமர்ந்து 'நீங்க சார்' என்றே பேசியவள். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் அரசனும் ஆண்டியும் 'நீ'தான் என்பது அம்மலைகளின் தொல்வழக்கு, இதுவோ ஈராயிரம்.

"பேடு காஞ்சு கெடக்கு. உன்கிட்ட இருக்கா?"

அவள் பையிலிருந்து எடுத்தாள்: புத்தம்புதிது, ஈரம் மின்னுவது, கார்மேகத்தைச் சதுரமாய் வெட்டியெடுத்தாற்போன்றது. கோமானின் கை நீண்டது. மேகம் பின்வாங்கியது.

"ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரேன். ஆறு மாசம் ஓடும்."

ஐயகோ, அது அவன் வாக்கியம். புதிய மைப்பஞ்சு வேண்டுமென அவள் நின்ற போதெல்லாம், தலை நிமிராமல் அவன் வழங்கிய தீர்ப்பு. அதனால்தான் அவ்வூர்க் கடிதங்கள் சோகை பிடித்த முத்திரையோடு உலகெங்கும் சென்றன. 'இது எந்த ஊரு?' என்று சன்னலுக்கு வந்த ஏச்செல்லாம் அவளே வாங்கினாள்.

இடியென உறுமினான் லுத்விக்: "மலை மேல வந்தும் பழசையே பேசுறியே. இவ்வளவு நடந்து என்னத்தக் கத்துக்கிட்ட?"

"சொந்தமா ஒரு பேடு வச்சிக்கணும்னு கத்துக்கிட்டேன்."

காற்று நின்றது. கழுகு வட்டத்தை நிறுத்தியது. அவனுள் பதக்கமும் மீசையும் பொருதின; பதினோராண்டு நடந்தும் உதிராத ஒன்று, தேய்ந்த முழங்காலிலிருந்து நாக்கு நுனி வரை ஏறியது. தாழ்ந்த குரலில் அது வெளியே வந்தது.

"நீ கேட்டது நியாயந்தான் ஸ்லாவ்கா. நான் குடுத்திருக்கணும்."

"மூணு நகல் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தா," என்றாள் அவள். பிறகு சிரித்துவிட்டு மைப்பஞ்சை நீட்டினாள். "சரி, சரி. குத்து."

அப்போது கண்ணீர் திரையிட்ட விழியன், கனம் நீங்கிய நெஞ்சன், நெடுவழி தரும் பேறனைத்தும் இதுவேயென உணர்ந்த உத்தமன், ஆயிரமாயிரம் அஞ்சல்களை வென்ற வலக்கரத்தை விண்ணளவு உயர்த்தி, ஆல்ப்ஸ் முடியெல்லாம் அதிர, வெண்வட்டத்தின் நடுவே இறக்கினான்.

முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.